கோமதியின் கொம்பும் காலும்

உங்கள் கைத்தொலைபேசியில் ‘கோமதி’ என்று ஒரு பெயரைத் தமிழில் சேமித்துப் பாருங்கள். படம் எதுவும் இணைக்க வேண்டாம். படம் இல்லாதவர்களுக்கு ஒரு வண்ண வட்டம் போட்டு, அதற்குள் பெயரின் முதல் எழுத்தை மட்டும் காட்டும் செயலிகள் நிறைய உண்டு. சில செயலிகளில் வட்டத்துக்குள் ‘கோ’ என்று ஒழுங்காக வரும். சிலவற்றில் வெறும் ‘க’ மட்டும் நிற்கும். முன்னால் வரவேண்டிய கொம்பும் இல்லை, பின்னால் வரவேண்டிய காலும் இல்லை. கண்ணனுக்கும் ‘க’, கீதாவுக்கும் ‘க’, கோமதிக்கும் ‘க’.

சின்ன விஷயம்தான். இதற்காக யாரும் வாடிக்கையாளர் சேவையை அழைத்துச் சண்டை போடப் போவதில்லை. ஆனால் அந்த வட்டத்தைப் பிடித்துக்கொண்டு பின்னோக்கிப் போனால், 1980களில் தொடங்கி மென்பொருள் உலகில் எடுக்கப்பட்ட பல முடிவுகள் வரிசையாகக் கண்ணில் படும். இந்தத் துறையில் வேலை பார்க்கும் நம் பிள்ளைகளுக்கு இதைவிட நல்ல பாடம் கிடைக்காது என்று எனக்குத் தோன்றுகிறது. நான் பொறியாளர் இல்லை. ஊடகம் படித்துவிட்டு ஒலிவாங்கிக்கு முன்னால் உட்கார்ந்திருப்பவள். ஆனால் திரையில் இருக்கும் தமிழை உரக்கப் படிப்பதுதான் பிழைப்பு என்பதால், எழுத்து உடைந்தால் முதலில் தடுக்கி விழுவது எங்களைப் போன்றவர்கள்தான்.

முதலில் கணக்கைப் பார்ப்போம். ‘கோமதி’யில் நமக்கு மூன்று எழுத்து. தொடக்கநிலை ஒன்றில் படிக்கும் பிள்ளையும் அப்படித்தான் எண்ணும். கணினி ஐந்து என்று எண்ணுகிறது: க, ஓகாரக் குறி, ம, த, இகரக் குறி. அதன் நினைவகத்தில் ‘கோ’ என்று தனியாக ஓர் எழுத்தே கிடையாது. ‘க’ உண்டு, அதன்மேல் ஏற்றும் குறி உண்டு. இரண்டையும் சேர்த்துத் திரையில் வரைவது வேறொரு மென்பொருளின் வேலை. “முதல் எழுத்தை எடு” என்று நிரலாளர் கட்டளையிட்டால், கணினி தன் கணக்குப்படி முதலாவதை எடுத்து நீட்டும். அது ‘க’.

‘இனிய தீபாவளி நல்வாழ்த்துகள்’ என்பதில் நம் கணக்குக்கு 15 எழுத்து. கணினிக்கு, நடுவில் உள்ள இரண்டு இடைவெளிகளையும் சேர்த்து 27. (‘வாழ்த்துக்கள்’ என்று க் போட்டு எழுதுகிறவர்களுக்கு இன்னும் இரண்டு கூடும். எது சரி என்ற பட்டிமன்றத்துக்குள் நான் நுழையவில்லை.) குறுஞ்செய்திகள் கோலோச்சிய காலத்தில் இது நேரடியாகப் பணத்தில் வந்து நின்றது. ஒரு குறுஞ்செய்தியின் கொள்ளளவு 140 பைட். ஆங்கிலத்தில் அதற்குள் 160 எழுத்துகள் அடங்கும். தமிழில் 70 குறிகள்தான். ஒரு தீபாவளி வாழ்த்திலேயே மூன்றில் ஒரு பங்குக்குமேல் போய்விடும். அனுப்புகிறவர் பெயரையும் சேர்த்து இரண்டு வரி அன்பாக எழுதினால் அடுத்த செய்திக்கான கட்டணம் ஏறும். அப்போது நம்மில் பலர் ஆங்கில எழுத்திலேயே தமிழை எழுதப் பழகிக்கொண்டதற்கு இது ஒன்றே காரணமில்லை. இதுவும் ஒரு காரணம்.

சரி, யார் இப்படிப் பிரித்தது?

உலக மொழிகளின் எழுத்துகளுக்கெல்லாம் ஆளுக்கோர் எண் கொடுக்கும் ஏற்பாடு யூனிகோடு, நாம் ஒருங்குறி என்கிறோம். அதன் முதல் பதிப்பு 1991இல் வந்தது. அதிலேயே தமிழுக்கு இடம் கிடைத்தது: 128 இருக்கைகள் கொண்ட ஒரு வரிசை. அந்த வரிசையில் யார் எங்கே உட்காருவது என்பதை ஒருங்குறிக்காரர்கள் புதிதாக யோசிக்கவில்லை. இந்தியாவில் 1988இல் வகுக்கப்பட்டிருந்த ‘இஸ்கி’ என்ற குறியாக்கத்தை அப்படியே எடுத்துக்கொண்டார்கள். இந்தி, வங்காளம், தெலுங்கு, தமிழ் என எல்லா எழுத்துமுறைகளுக்கும் ஒரே இருக்கை வரைபடம். அதனால்தான் தமிழ் வரிசையில் ‘க’வுக்கு அடுத்த மூன்று இருக்கைகள் இன்றும் காலியாக இருக்கின்றன. இந்தி வரிசையில் அதே இடத்தில் ககரத்தின் மற்ற மூன்று ஒலிகள் உட்கார்ந்திருக்கின்றன. ‘ச’வுக்கு அடுத்து ஒரு காலி இருக்கை, அதற்கடுத்து ‘ஜ’. நம் நெடுங்கணக்கில் கடைசியாக வரும் ‘ன’, இங்கே ‘ந’வுக்குப் பக்கத்திலேயே வந்துவிடுகிறது. இருக்கை எண்ணை மட்டும் பார்த்துப் பெயர்ப்பட்டியலை அடுக்கும் மென்பொருளில் ஜெயந்தி, சுமதிக்கும் தமிழரசிக்கும் நடுவில் போய் நிற்பார். தமிழ் அகர வரிசைக்கென்று தனி அட்டவணை இருக்கிறது. ஆனால் அப்படி ஒன்று இருப்பது நிரலாளருக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

நம் எழுத்தைப் பற்றித் தெரியாதவர்கள் கெடுத்துவிட்டார்கள் என்று கோபப்படுவது சுலபம். எனக்கு அந்தக் கோபம் இல்லை. 1988இல் கணினியின் குறியீட்டு அட்டவணையில் மொத்தமே 256 இடம். அதில் பாதி ஆங்கிலத்துக்குப் போய்விட்டது. மிச்சம் 128. தமிழுக்கு 12 உயிர், 18 மெய், 216 உயிர்மெய், ஓர் ஆய்தம் என 247 எழுத்துகள். அந்த இடத்தில் எப்படியும் உட்கார முடியாது. எனவே அடிப்படை எழுத்துகளையும் குறிகளையும் மட்டும் வைத்துக்கொண்டு மற்றதை இயந்திரம் சேர்த்துக்கொள்ளட்டும் என்று முடிவெடுத்தார்கள். எல்லா இந்திய எழுத்துகளுக்கும் ஒரே வரைபடம் என்றால், இந்தியில் உள்ள ஒரு பெயரைத் தமிழுக்கு மாற்ற ஒரு குறிப்பிட்ட எண்ணைக் கூட்டினால் போதும். பொறியாளரின் கண்ணுக்கு அது அழகான ஏற்பாடு.

எனக்கு உறுத்துவது அடுத்த கட்டம். 1991இல் ஒருங்குறி வந்தபோது இருக்கைகளின் எண்ணிக்கை 65,536. பெரிய வீட்டுக்குக் குடிபோயாகிவிட்டது. ஆனால் ஓரறை வீட்டுக்கு வாங்கிய மேசை நாற்காலியையே தூக்கி வந்து அதே வரிசையில் போட்டுவிட்டார்கள். இடப் பற்றாக்குறை தீர்ந்த பிறகும் அதற்காக எடுத்த முடிவு மட்டும் தங்கிவிட்டது.

கொரியர்களின் கதையைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் இன்னும் தெளிவாகும். அவர்களுடைய எழுத்தும் நம் உயிர்மெய்யைப் போலச் சின்னத் துண்டுகளைச் சேர்த்துக் கட்டுவதுதான். ஒருங்குறியின் தொடக்கப் பதிப்புகளில் அவர்களுக்கு 6,656 கூட்டெழுத்துகளுக்கு இடம் கிடைத்திருந்தது. அது போதாது என்றார்கள். 1996இல் வந்த இரண்டாம் பதிப்பில், பழைய இடத்தைக் காலி செய்துவிட்டு, சேரக்கூடிய 11,172 கூட்டெழுத்துகளுக்கும் புதிய இடத்தில் தனித்தனி இருக்கை கொடுக்கப்பட்டது. அன்றிருந்த மொத்த இடத்தில் ஏறக்குறைய ஆறில் ஒரு பங்கு. பழைய ஏற்பாட்டில் சேமித்திருந்த கொரியக் கோப்புகளெல்லாம் அர்த்தமற்றுப் போயின. அந்தக் களேபரத்தைப் பார்த்த ஒருங்குறிக் குழு, இனி ஓர் எழுத்துக்கு ஒருமுறை கொடுத்த எண்ணை எக்காரணம் கொண்டும் மாற்றுவதில்லை என்று கொள்கை வகுத்துவிட்டது.

இப்போது நம் பக்கத்து நாட்காட்டியைப் புரட்டுங்கள். தமிழ்க் கணினி ஆர்வலர்கள் முதன்முதலாக அனைத்துலக அளவில் ஒன்றுகூடிய மாநாடு, நம் சிங்கப்பூரில் நா. கோவிந்தசாமி முன்னின்று நடத்தியது, 1997இல். சென்னையில் தமிழக அரசு கூட்டிய மாநாடு 1999 பிப்ரவரியில். நாம் சேர்ந்து பேச உட்காரும்போது, இடம் மாறும் கதவு மூடியாகிவிட்டது. பிறகு தமிழின் எல்லா எழுத்துக்கும் தனி இடம் வேண்டும் என்று பலர் வாதாடினார்கள். இருப்பதை வைத்தே எல்லாவற்றையும் எழுத முடிகிறதே என்பது பதில். ‘கா’, ‘கி’, ‘கீ’ போன்ற சேர்க்கைகளுக்கு ஒருங்குறி அட்டவணையில் அதிகாரபூர்வப் பெயர் கொடுத்தார்கள், இருக்கை கொடுக்கவில்லை. தமிழக அரசு 2010இல் ஒருங்குறியையே தரமாக அறிவித்து, அது சரிவர வேலை செய்யாத இடங்களுக்கு மட்டும் எல்லா எழுத்துக்கும் தனி இடம் தரும் ‘டேஸ்16’ என்ற மாற்று ஏற்பாட்டையும் ஏற்றுக்கொண்டது. அந்தச் சண்டை அதோடு ஏறக்குறைய ஓய்ந்தது.

பழைய கதை இருக்கட்டும், இன்றைக்கு அலுவலகத்தில் இது எப்படி நடக்கிறது என்று கேட்பீர்கள். என் சித்தி மகன் இங்கே ஒரு நிறுவனத்தில் செயலி உருவாக்கும் குழுவில் இருக்கிறான். அவர்களுடைய செயலியிலும் அதே வட்டம், அதே வெறும் ‘க’. திருத்தலாமே என்று அவன் குழுக் கூட்டத்தில் சொல்லியிருக்கிறான். எதை முதலில் செய்வது என்று முடிவு செய்பவர் ஒரே ஒரு கேள்வி கேட்டாராம்: நம் பயனர்களில் எத்தனை பேர் தமிழில் பெயர் வைத்திருக்கிறார்கள்? எண்ணிப் பார்த்தால் மிகக் குறைவு. வேலை பட்டியலின் அடியில் போய்ச் சேர்ந்தது.

“சரியா வராததாலதான்க்கா யாரும் தமிழ்ல போடல. அதைச் சொன்னா, அதுக்கு டேட்டா இருக்கான்னு கேக்குறாங்க” என்றான்.

இளையர்கள் இந்த இடத்தில் கொஞ்சம் நின்று யோசிக்க வேண்டும். எண்ணிக்கையைப் பார்த்து முடிவெடுப்பது நல்ல பழக்கம்தான். ஆனால் அந்த எண்ணிக்கையே முந்தைய ஒரு முடிவின் விளைவாக இருந்தால் என்ன செய்வது? பாலம் இல்லாத ஆற்றில் எத்தனை பேர் நீந்திக் கடக்கிறார்கள் என்று எண்ணிப் பார்த்துவிட்டு, பாலத்துக்குத் தேவை இல்லை என்று சொல்வதைப் போன்றது இது.

கடைசியில் அந்தத் திருத்தம் நடந்தது. தமிழுக்காக நடக்கவில்லை. ஆகஸ்டு மாதம் தேசிய தினத்தையொட்டிச் சிலர் தங்கள் பெயருக்கு முன்னால் சிங்கப்பூர்க் கொடியைப் போட்டிருக்கிறார்கள். கொடி என்பது நமக்கு ஒரு படம். கணினிக்கு அது இரண்டு குறிகளின் சேர்க்கை. முதலாவதை மட்டும் வெட்டி எடுத்தால் கொடி போய் அரைகுறையாக ஓர் ஆங்கில எழுத்து நிற்கும். தேசியக் கொடி உடைந்தால் யாரும் சும்மா இருப்பார்களா? உடனே வேலை மேலே ஏறியது. மனிதர் கண்ணுக்கு ஒரே எழுத்தாகத் தெரிவதை ஒன்றாகவே எண்ணுவதற்கு ஒருங்குறியில் ஏற்கெனவே விதிமுறை இருக்கிறது. அதைப் பயன்படுத்தும் நிரல் தொகுப்பும் தயாராக இருந்தது. மாற்றியது சில வரிகள்தான். கொடி சரியானது, கூடவே கோமதிக்கும் கொம்பும் காலும் திரும்பி வந்தன. என் தம்பிக்குச் சந்தோஷம், கொஞ்சம் வருத்தமும். நான் அவனிடம் சொன்னேன்: “அடுத்த தடவை முதல்லேயே இமோஜிய வெச்சுப் பேசுடா.” கிண்டலாகச் சொன்னதுதான், ஆனால் அது நல்ல உத்தி என்றே நினைக்கிறேன். சிறுபான்மைக்குத் தேவையான ஒன்றை, பெரும்பான்மையின் எந்தத் தேவையோடு சேர்த்துக் கட்டலாம் என்று தேடுவதும் பொறியாளரின் திறமைதான்.

கொம்பு என்றதும் பொது இடங்களில் தொங்கும் பதாகைகள் உங்கள் நினைவுக்கு வந்திருக்கும். நான்கு மொழிகளில் அழகாக அச்சடித்திருப்பார்கள். தமிழில் மட்டும் ‘பெயர்’ என்பது ‘பயெர்’ என்றிருக்கும். ‘தேடல்’ என்பது ‘தடேல்’ என்று விழுந்திருக்கும். உடனே அதைப் படம் பிடித்துப் பகிர்ந்து, தமிழ் தெரியாதவரிடம் மொழிபெயர்க்கக் கொடுத்தார்களா என்று கேட்போம். பெரும்பாலும் மொழிபெயர்ப்பாளர் சரியாகத்தான் அனுப்பியிருப்பார். நடந்தது இதுதான். கோப்புக்குள் ‘பெ’ என்பது முதலில் ‘ப’, பிறகு எகரக் குறி என்ற வரிசையில் சேமிக்கப்படுகிறது. நாம் உச்சரிக்கும் வரிசை அது. திரையில் வரையும்போது அந்தக் குறியைத் தூக்கி ‘ப’வுக்கு இடப்பக்கம் வைக்க வேண்டியது வரையும் மென்பொருளின் பொறுப்பு. அந்தத் திறன் இல்லாவிட்டாலோ அணைத்து வைக்கப்பட்டிருந்தாலோ, கொம்பு சேமித்த இடத்திலேயே, அதாவது ‘ப’வுக்குப் பின்னால் நின்று, அடுத்து வரும் ‘ய’வோடு ஒட்டிக்கொள்ளும்.

வடிவமைப்பாளர்கள் அதிகம் பயன்படுத்தும் அடோபி இன்டிசைனில் ‘வேர்ல்ட்-ரெடி கம்போசர்’ என்று ஒரு தேர்வு இருக்கிறது. அதைத் தேர்ந்தெடுத்துவிட்டால் கொம்பு தன் இடத்துக்குப் போய்விடும். தேர்ந்தெடுக்காமல் ஆங்கிலத்துக்கான அமைப்பிலேயே விட்டால் உடையும். வடிவமைப்பாளருக்குத் தமிழ் படிக்கத் தெரியாது. ‘பெயர்’, ‘பயெர்’ இரண்டும் அவர் கண்ணுக்கு ஒன்றுதான். ஆக, பதாகையில் தமிழ் உடைவது பல நேரங்களில் மொழியறிவுப் பிரச்சினையே இல்லை. ஒரு மென்பொருளைப் புதிதாகத் திறக்கும்போது எந்தத் தேர்வு தானாக அமைந்திருக்க வேண்டும் என்று எங்கோ ஒரு கூட்டத்தில் எடுத்த முடிவு அது.

இதற்குக் கைவைத்தியம் ஒன்று உண்டு. மொழிபெயர்த்துக் கொடுப்பவர்கள் எழுத்தோடு நிறுத்திக்கொள்ளாமல் அதன் படத்தையும் சேர்த்து அனுப்புங்கள். அச்சுக்குப் போகுமுன் கடைசிப் பக்கத்தை ஒருமுறை பார்க்க வேண்டும் என்று கேளுங்கள். தமிழ் தெரியாத வடிவமைப்பாளரால்கூட இரண்டு படங்களைப் பக்கத்தில் வைத்து ஒப்பிட முடியும்.

கைத்தொலைபேசியில் இந்தத் தொல்லை பெருமளவு ஒழிந்துவிட்டது. அதற்கு நன்றி சொல்ல வேண்டிய மென்பொருள் ஒன்றின் பெயர் ‘ஹார்ஃப்பஸ்’. பாரசீகத்தில் ‘ஹர்ஃப்’ என்றால் எழுத்து, ‘பாஸ்’ என்றால் திறந்தது. ஈரானில் பிறந்த பெஹ்தாத் எஸ்ஃபஹ்போத் முன்னின்று வளர்த்த திறந்தமூல மென்பொருள் அது. ஆண்ட்ராய்டு தொலைபேசியிலும் குரோம், ஃபயர்ஃபாக்ஸ் உலாவிகளிலும் கொம்பைத் தூக்கி இடப்பக்கம் வைக்கும் வேலையை அதுதான் செய்கிறது. வேலை சுலபமானதில்லை. 2018 பிப்ரவரியில் தெலுங்குக் கூட்டெழுத்து ஒன்றை யாராவது செய்தியாக அனுப்பினால் ஐபோன் செயலிகள் முடங்கின. ஒரே ஓர் எழுத்து! ஆப்பிள் அவசரமாகத் திருத்தம் வெளியிட வேண்டியதாயிற்று. சேர்த்து வரையும் வேலையை இயந்திரத்திடம் விட்ட 1988இன் முடிவு, முப்பது ஆண்டுகள் கழித்து இப்படியும் ஒரு கட்டணம் கேட்டது.

இன்னொரு முடிவு ஓர் உணவகத்தில் எடுக்கப்பட்டது. 1992 செப்டம்பரில் அமெரிக்காவின் நியூ ஜெர்சியில் கென் தாம்சனும் ராப் பைக்கும் சாப்பிட உட்கார்ந்த மேசையில், தட்டின் கீழே விரிக்கும் காகிதத்தில், ஒருங்குறி எண்களைக் கோப்பில் எழுதும் முறை ஒன்றை வகுத்தார்கள். யூடிஎஃப்-8 என்று பெயர். இன்று இணையத்தின் பெரும்பகுதி அதில்தான் ஓடுகிறது. பழைய ஆங்கிலக் கோப்புகள் எதுவும் உடையக்கூடாது என்பது அவர்களுடைய முதல் நிபந்தனை. எனவே ஆங்கில எழுத்துக்கு ஒரு பைட். எண் கூடக்கூட பைட்டும் கூடும். கிரேக்கத்துக்கும் அரபுக்கும் இரண்டு. அட்டவணையில் இன்னும் தள்ளி இருக்கும் தமிழுக்கு மூன்று. ஆங்கிலத்தில் எழுதினால் ஏழு பைட்டில் அடங்கும் கோமதிக்குத் தமிழில் 15 வேண்டும். சேமிப்பு மலிந்த காலத்தில் இதெல்லாம் ஒரு பொருட்டா என்று நானும் நினைத்திருந்தேன். செயற்கை நுண்ணறிவு வந்த பிறகு அந்தக் கணக்கு மறுபடி தலை தூக்கியிருக்கிறது. இந்த மென்பொருள்கள் எழுத்தைத் துண்டுகளாக நறுக்கித்தான் படிக்கின்றன, கட்டணமும் பெரும்பாலும் துண்டுக்கு இவ்வளவு என்றுதான். ஆங்கிலச் சொல் பல நேரங்களில் ஒரே துண்டாகப் போய்விடும். அதே பொருளுள்ள தமிழ்ச் சொல் பல துண்டுகளாகச் சிதறும். புதிய மென்பொருள்களில் நிலைமை முன்பைவிடத் தேறியிருக்கிறது, சமமாகிவிடவில்லை.

எல்லா முடிவுகளையும் வெளியார்தான் எடுத்தார்கள் என்று சொல்லவும் முடியாது. ஒருங்குறி பரவலாவதற்கு முன் நம்மவர்கள் சும்மா இருக்கவில்லை. மலேசியாவில் முத்து நெடுமாறன் 1985இல் ‘முரசு அஞ்சல்’ மென்பொருளைத் தொடங்கினார். அவருடைய ‘செல்லினம்’ 2005 பொங்கலையொட்டி சிங்கப்பூரில் பொதுப் பயன்பாட்டுக்கு வந்தபோது, கைத்தொலைபேசியில் தமிழ்க் குறுஞ்செய்தி சாத்தியமானது. நா. கோவிந்தசாமி இங்கே ‘கணியன்’ உருவாக்கினார். 1995இல் சிங்கப்பூர்க் கவிதைகள் நான்கு மொழிகளிலும் இணையத்தில் ஏறியபோது தமிழும் அதில் இருந்தது. தமிழகத்தில் ஆளுக்கோர் எழுத்துரு. இவற்றில் பெரும்பாலானவற்றின் உத்தி ஒன்றுதான்: ஆங்கிலத்துக்கும் ஐரோப்பிய மொழிகளுக்கும் உரிய இருக்கைகளில் தமிழ் வடிவங்களை உட்கார வைப்பது. எந்த வடிவம் எந்த இருக்கையில் என்பதில் மட்டும் ஒருவருக்கொருவர் ஒத்துப்போகவில்லை. அந்த நேரத்தில் வேறு வழியும் இல்லை. உலகத் தரம் வரட்டும் என்று காத்திருந்தால் பத்து ஆண்டுகள் தமிழே திரையில் வந்திருக்காது. நானாக இருந்தாலும் அதைத்தான் செய்திருப்பேன். ஆனால் அந்த அவசரத்துக்கான விலையை இப்போது பழைய கோப்புகளைத் திறப்பவர்கள் கொடுக்கிறார்கள்.

சென்ற ஆண்டு, வானொலி நாடகங்கள் எழுதி ஓய்வுபெற்ற பெரியவர் ஒருவர் என்னிடம் ஒரு விரலியைக் கொடுத்தார். “இந்தாம்மா, பத்து நாடகம் இருக்கு. தொண்ணூறுகள்ல அடிச்சு வெச்சது. நீங்கள்லாம் இருக்கும்போதே எடுத்துப் போடுங்க” என்றார். திறந்தால் மேலே புள்ளி வைத்த ஐரோப்பிய எழுத்துகள், கணிதக் குறிகள், கேள்விக்குறிகள். தமிழில் ஓர் எழுத்துகூட இல்லை. அவரிடம் காட்டினேன். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடியும் பார்த்தார். “எல்லாம் போச்சாம்மா?” என்று கேட்டார்.

போகவில்லை. எட்டுக் கோப்புகளில் எந்த எழுத்துருவில் தட்டச்சு செய்தது என்ற பெயர் கோப்புக்குள்ளேயே இருந்தது. ‘பொங்குதமிழ்’, ‘என்எச்எம் கன்வர்ட்டர்’ போன்ற இலவச மாற்றிகள் இதற்கென்றே இருக்கின்றன. பெயரைத் தேர்ந்தெடுத்ததும் ஒருங்குறித் தமிழாகக் கொட்டியது. மிச்சம் இரண்டு கோப்புகளுக்கு உரிய எழுத்துரு எந்த மாற்றியின் பட்டியலிலும் இல்லை. அப்போதுதான் என் தம்பி ஒரு யோசனை சொன்னான். நாடகப் பிரதி என்றால் ‘காட்சி 1’, ‘காட்சி 2’ என்று வருமே, எண்கள் மாறாமல்தானே இருக்கும்? உண்மைதான். எண்ணுக்கு முன்னால் ஒரே மாதிரிக் குறிகள் திரும்பத் திரும்ப வந்தன. அதிலிருந்து ‘க’, கால், ‘ட்’, ‘சி’ கிடைத்தன. வரித் தொடக்கத்தில் முக்கால் புள்ளியோடு வருபவை பாத்திரங்களின் பெயர்கள். அவற்றில் பாதி பெரியவருக்கு நினைவிருந்தது. அடைப்புக்குறிக்குள் வருபவை ‘சிரித்து’, ‘கோபமாக’, ‘இசை’. குறுக்கெழுத்துப் போட்டியைப் போல மூன்று மாலைகள் உட்கார்ந்தோம். ஒரு நாடகம் முழுதாக மீண்டது. மற்றதும் ஏறக்குறைய வந்துவிட்டது.

உங்கள் வீட்டிலும் இப்படி ஏதாவது இருக்கும். தாத்தா தட்டச்சு செய்த குடும்ப வரலாறு, கோயில் மலருக்கு அப்பா எழுதிய கட்டுரை, இருபது ஆண்டுகளுக்கு முந்தைய திருமண அழைப்பிதழ். பழைய கணினியைத் தூக்கிப் போடுமுன் அதிலிருக்கும் எழுத்துருக் கோப்புகளையும் சேர்த்துப் பிரதி எடுத்து வையுங்கள். எந்த மென்பொருளில் அடித்தது என்று தட்டச்சு செய்தவர் இருக்கும்போதே கேட்டு ஒரு தாளில் எழுதி வையுங்கள். தாளில் அச்சிட்ட பக்கம் ஒன்று கிடைத்தாலும் போதும். அதைக் கோப்போடு ஒப்பிட்டு மற்றதையெல்லாம் கண்டுபிடித்துவிடலாம்.

எங்களுக்கு அச்சிட்ட தாள் கிடைக்கவில்லை. பத்தாவது நாடகத்தில் கதாநாயகி பிறந்த ஊரின் பெயரில் ஒரு குறி வருகிறது. கோப்பு முழுவதிலும் அந்த ஓர் இடத்தில் மட்டுமே வருவதால் ஒப்பிட்டுப் பார்க்க வழியில்லை. பெரியவரைக் கேட்டேன். நெடுநேரம் யோசித்துவிட்டு, “ஞாபகம் வரலையேம்மா, எதாச்சும் ஒரு ஊரைப் போட்டுக்கோயேன்” என்றார். போட மனம் வரவில்லை. அந்த இடத்தில் இப்போதைக்குக் கோடு போட்டு வைத்திருக்கிறோம்.